உலோக ஃபோம் வேகமா நசுங்கினா ஏன் கூடுதலா எதிர்க்குது?

அலுமினியம் ஃபோம்னு ஒண்ணு இருக்கு. உருகின அலுமினியத்துல கொஞ்சம் கால்சியம் போட்டுக் கலக்கி கெட்டியாக்கி, அப்புறம் டைட்டானியம் ஹைட்ரைடு பவுடரைத் தூவுனா, அந்தச் சூட்டுல பவுடர்லேந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பி உலோகம் பூரா குமிழி குமிழியா உப்பிடும், அப்படியே ஆறவிட்டா கிடைக்குறதுதான் ஃபோம். ஆல்போராஸ்னு சொல்ற ஜப்பான் ஃபோமை இப்படித்தான் பண்றாங்க. மொத்தக் கொள்ளளவுல உலோகம் பத்துல ஒரு பங்குகூட சில சமயம் இருக்காது, மிச்சமெல்லாம் காத்துதான். இதே ஜாதியில ஹனிகோம்ப் இருக்கு, மெல்லிசு அலுமினியத் தகடுகளை அங்கங்க ஒட்டி இழுத்து விரிச்சு அறுகோண அறைகளா ஆக்குறது. 3டி பிரிண்டர்ல குச்சி குச்சியா அடிக்குற லேட்டிஸும் இருக்கு. எல்லாத்துக்கும் சேர்த்து செல்லுலார் மெட்டீரியல்னு பேரு.

இதுல முதல்ல பாக்க வேண்டிய நம்பர் ரிலேட்டிவ் டென்சிட்டி. ஃபோமோட அடர்த்தியை கெட்டி உலோகத்தோட அடர்த்தியால வகுத்தா வர்றது. அலுமினியம் ஒரு கன மீட்டருக்கு 2700 கிலோ, ஃபோம் 270 கிலோன்னா ரிலேட்டிவ் டென்சிட்டி 0.1. அடர்த்தி பத்துல ஒண்ணா குறைஞ்சா பலமும் பத்துல ஒண்ணாதான் குறையும்னு தோணும், ஆனா அப்படி இல்ல. லோர்னா கிப்சன், மைக்கேல் ஆஷ்பின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் போட்டுக் குடுத்த கணக்குப்படி, திறந்த அறை ஃபோமோட விறைப்பு இந்த விகிதத்தோட வர்க்கத்துல குறையும், அதாவது நூறுல ஒண்ணு. நசுங்க ஆரம்பிக்குற பலம் ஒன்றரை அடுக்குல குறையும், அதுக்கு மேல 0.3ன்னு ஒரு குணகம் வேற, கூட்டிக் கழிச்சா அதுவும் கிட்டத்தட்ட நூறுல ஒண்ணுதான். காரணம், உள்ள இருக்குற சுவர்களும் குச்சிகளும் நேரா அமுங்குறதில்ல, வளையுது. மெல்லிசான எதையும் வளைக்குறது சுலபம்.

எடையைப் பத்துல ஒண்ணாக்கி பலத்தை நூறுல ஒண்ணாக்குறது நஷ்ட வியாபாரமாச்சேன்னு கேட்டா, பாரம் தாங்குற தூணுக்கு நஷ்டம்தான். ஆனா இதை வாங்குறதே நசுக்குறதுக்குத்தான்.

மெதுவா ஒரு பிரஸ்ல வெச்சு அமுக்கினா கிடைக்குற வரைபடம் மூணு துண்டா இருக்கும். முதல்ல ஒரு சின்ன ஏத்தம், இது எலாஸ்டிக் பகுதி, விட்டா பழைய உருவத்துக்குத் திரும்புற பகுதி, ஒண்ணு ரெண்டு சதவீத ஸ்ட்ரெய்ன்லயே (முதல்ல இருந்த நீளத்துல எவ்ளோ பங்கு குறைஞ்சதுங்கறது) முடிஞ்சிடும். அப்புறம் ஒரு நீள மேடு, பிளாட்டோன்னு சொல்வாங்க, நீங்க அமுக்கிட்டே போறீங்க ஆனா ஸ்ட்ரெஸ் (விசையைப் பரப்பால வகுத்தது, மெகாபாஸ்கல்ல அளப்பாங்க) பெருசா ஏறாது. உள்ள என்ன நடக்குதுன்னா, இருக்குறதுலயே பலவீனமான ஒரு வரிசை அறைகள் மொத்தமா மடிஞ்சு விழும், மடிஞ்சு மூடினதும் அது கெட்டியாயிடும், உடனே அடுத்த பலவீன வரிசை, அப்புறம் அடுத்தது, இப்படிப் பட்டை பட்டையா சரிஞ்சுகிட்டே போகும். கடைசியில மடிய அறையே மிச்சமில்லாம சுவரும் சுவரும் ஒட்டிக்கும்போது ஸ்ட்ரெஸ் விறுவிறுன்னு ஏறிடும். அதுதான் டென்சிஃபிகேஷன். நம்ம 0.1 ஃபோமுக்கு இது சுமார் 70 சதவீத ஸ்ட்ரெய்ன்ல வரும்னு வெச்சுக்கலாம், அதாவது 10 சென்டிமீட்டர் கட்டி 3 சென்டிமீட்டரா ஆகும் வரைக்கும் மேடு ஓடும்.

பிளாட்டோ ஸ்ட்ரெஸ் 1.5 மெகாபாஸ்கல்னு எடுத்துகிட்டா (இந்த வகை ஃபோமுக்கு நியாயமான அளவு), அதை 0.7 ஆல பெருக்கினா ஒரு கன சென்டிமீட்டர் ஃபோம் ஏறக்குறைய 1 ஜூல் ஆற்றலை முழுங்கும். 1000 கிலோ வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர்ல, அதாவது விநாடிக்கு 10 மீட்டர்ல வந்தா அதோட இயக்க ஆற்றல் 50 கிலோஜூல். அதை முழுசா முழுங்க சுமார் 48 லிட்டர் ஃபோம், 13 கிலோ எடை, போதும். ஸ்பிரிங்கும் ஆற்றலை வாங்கிக்கும்தான், ஆனா வாங்கினதைத் திருப்பித் தள்ளிவிட்டுடும், ஃபோம் திருப்பித் தராது, உலோகம் வளைஞ்சு சூடாகி முடிஞ்சிடுது. அதைவிட எனக்கு முக்கியமாப் படுறது வேற ஒண்ணு: நசுங்கி முடியுற வரைக்கும் பின்னாடி இருக்குற ஆளுக்கோ கருவிக்கோ போற விசை ஒரு அளவுக்கு மேல ஏறாது. 1969ல அப்போலோ 11 நிலாவுல இறங்கின லேண்டரோட கால்களுக்குள்ள அலுமினிய ஹனிகோம்ப் வெச்சிருந்தாங்க. ஒரே ஒரு தடவை இறங்குற காலுக்கு, எண்ணெயும் சீலும் இல்லாத இந்த ஏற்பாடு கச்சிதமாப் பொருந்துது.

ஹனிகோம்ப்ல ஒரு சங்கதியை மட்டும் சொல்லிடறேன். அறைக்குழாய் நீளவாக்குல அமுக்கினா ரொம்ப பலம், ஆனா நசுங்க ஆரம்பிக்குற நொடியில விசை ஒரு கூர்முனையா எகிறி அப்புறம்தான் மேட்டுக்கு இறங்கும். அந்த எகிறலே பின்னாடி இருக்குறதை உடைச்சிடும்னு பயந்து, முன்கூட்டியே ஓரத்தைக் கொஞ்சம் நசுக்கி வெச்சுதான் பொருத்துவாங்க. பக்கவாட்டுல அமுக்கினா அந்த முனையெல்லாம் பெருசா இல்ல, பலமும் ரொம்பக் குறைவு.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் மெதுவான கதை. கார் மோதல், குண்டுவெடிப்பு, மேலேந்து விழுற பெட்டகம் இதெல்லாம் மெதுவா நடக்குறதில்ல. வேகமா அடிச்சா அந்த மேடு அதே உயரத்துல இருக்குமா? இருக்காது, பெரும்பாலும் ஏறும். ஏன் ஏறுதுன்னு கேட்டா நாலு காரணம் இருக்கு, நாலும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத காரணங்கள், அதைக் குழப்பிக்கிட்டு "வேகத்துல ஃபோம் பலமாகுது"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டுப் போறவங்க நிறைய. அதனாலதான் தனித்தனியாப் பிரிச்சு எழுதறேன்.

முதல் காரணம் உலோகமே வேகத்துக்கு விறைக்குறது. சில உலோகங்களை வேகமா உருமாத்தினா கூடுதலா எதிர்க்கும். இதுக்கு கௌப்பர்-சைமண்ட்ஸ்னு ஒரு சூத்திரம், அதுல வர்ற ஒரு நம்பருக்கு அழகான அர்த்தம் உண்டு: எந்த ஸ்ட்ரெய்ன் ரேட்ல (ஒரு விநாடிக்கு ஸ்ட்ரெய்ன் எவ்ளோ ஏறுதுங்கறது) பலம் ரெண்டு மடங்காகுதோ அதுதான் அந்த நம்பர். மைல்ட் ஸ்டீலுக்கு வழக்கமா விநாடிக்கு 40ன்னு போடுவாங்க, அலுமினியத்துக்கு 6500. ஸ்டீல் ஃபோம், ஸ்டீல் லேட்டிஸ் வெச்சிருந்தா இதை விட முடியாது, அலுமினியம்னா பெரும்பாலும் பெரிய விஷயமில்ல.

ரெண்டாவது, மூடின அறைக்குள்ள மாட்டிக்கிட்ட வாயு. வேகமா நசுக்கினா காத்து வெளியேற நேரமில்லாம அமுங்கி எதிர்க்கும்னு சொல்வாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு. கணக்குப் போடுங்க. நம்ம ஃபோமை பாதியா நசுக்கினா வாயுவோட இடம் 0.9லேந்து 0.4க்கு வரும், சூடாகுறதை விட்டுட்டா அழுத்தம் 2.25 மடங்கு, வெளிக்காத்தைக் கழிச்சா கூடுதல் 0.125 மெகாபாஸ்கல். 1.5க்கு முன்னாடி அது பத்துல ஒண்ணுகூட இல்ல, அதுலயும் அறைச் சுவர் கிழிஞ்சா காத்து கசிஞ்சிடும். மென்மையான பாலிமர் ஃபோமுக்கு இது பெருசு, உலோகத்துக்கு விட்டுடலாம்.

மூணாவது காரணம் எனக்குப் பிடிச்சது, ஏன்னா சட்டுனு பிடிபடாது, பிடிபட்டதும் மறக்காது. மைக்ரோ இனர்ஷியான்னு பேரு. 1984ல கேலடின், இங்கிலிஷ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எடையை மேலேந்து போட்டு ரெண்டு விதமான சின்ன உருவங்களை நசுக்கிப் பாத்தாங்க. முதல் வகையில நசுங்க நசுங்க விசை ஒரே சீரா இருக்கும், பக்கவாட்டுல அமுக்குற வளையம் அதுக்கு உதாரணம். ரெண்டாவது வகை, நடுவுல லேசா ஒரு வளைவு இருக்குற தகடை நிமிர்த்தி வெச்சு தலையில அடிக்குறது, இதுல விசை உச்சிக்குப் போய் உடனே சரியும். ஒரே ஆற்றலை, கனமான எடையை மெதுவாப் போட்டும், லேசான எடையை வேகமாப் போட்டும் குடுத்தா, வேகமா அடிக்கும்போது ரெண்டாவது வகை கம்மியா நசுங்குது, முதல் வகையில அவ்ளோ வித்தியாசம் தெரியல.

ஏன்னா, கிட்டத்தட்ட நேரா நிக்குற தகடோட தலை ஒரு மில்லிமீட்டர் இறங்கணும்னா, அதோட நடுப்பகுதி பக்கவாட்டுல பல மில்லிமீட்டர் நகர்ந்தாகணும். தலை சட்டுனு இறங்கினா நடுப்பகுதி அதைவிட பல மடங்கு வேகத்துல பக்கவாட்டுல பாய்ஞ்சாகணும். அதுக்கும் நிறை இருக்கு, இனர்ஷியா இருக்கு, உடனே பாயாது. பாயாத அந்தச் சின்ன நேரத்துல தகடு வளையுறதுக்குப் பதிலா நேரா அமுங்க வேண்டி வருது, நேரா அமுக்குறது எவ்ளோ கஷ்டம்னு மேலயே பாத்தோம். உலோகம் வேகத்தைக் கண்டுக்காத உலோகமா இருந்தாலும் இது நடக்கும், விநாடிக்குச் சில மீட்டர் வேகத்துலயே தெரிய ஆரம்பிக்கும். ஹனிகோம்பை நீளவாக்குல அடிக்கும்போது அறைச் சுவர்கள் எல்லாம் இந்த ரெண்டாவது வகைதான். குச்சிகள் கண்டபடி சாய்ஞ்சு கிடக்குற திறந்த அறை ஃபோம் முதல் வகைக்குப் பக்கம், அதுல இது அவ்வளவாத் தெரியாது.

நாலாவது ஷாக், அதாவது நசுங்கல் அடிபட்ட முனையிலேந்து ஒரு எல்லைக்கோடா முன்னேறுறது. விநாடிக்குப் பத்து மீட்டர்லேந்து நூறு மீட்டருக்குப் போறப்ப மத்த மூணையும் ஓரங்கட்டுற காரணம் இதுதான்.

தண்டவாளத்துல வேகன்கள் வரிசையா நிக்குது, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல இடைவெளி, ஒவ்வொண்ணும் லேசா பிரேக் போட்டிருக்கு. பின்னாடியிருந்து ஒரு இன்ஜின் மாறாத வேகத்துல வந்து முதல் வேகனை இடிச்சுத் தள்ளுது, இடைவெளி மூடுது, ரெண்டாவது சேருது, மூணாவது சேருது. சேர்ந்த வேகன்கள் எல்லாம் இன்ஜின் வேகத்துல போகும், சேராதது அசையாம நிக்கும். அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற எல்லை இன்ஜினை விட வேகமா முன்னாடி ஓடுறதைக் கவனிங்க. பிரேக்கோட எதிர்ப்புதான் நம்ம பிளாட்டோ, அது எந்த வேகத்துலயும் இருக்கும். அதுக்கு மேல, நின்னுட்டிருக்குற ஒவ்வொரு வேகனையும் சட்டுனு முழு வேகத்துக்குக் கொண்டு வர இன்ஜின் தனியா விசை குடுத்தாகணும். இன்ஜின் வேகம் ரெண்டு மடங்கானா ஒரு விநாடிக்குச் சேர்ற வேகன்கள் ரெண்டு மடங்கு, ஒவ்வொண்ணுக்கும் குடுக்க வேண்டிய உந்தமும் ரெண்டு மடங்கு, ஆக மொத்தம் நாலு மடங்கு. வர்க்கம் இப்படித்தான் உள்ள வருது.

சூத்திரமா எழுதினா, அடிபடுற முனையில ஸ்ட்ரெஸ் = பிளாட்டோ ஸ்ட்ரெஸ் + (ஃபோம் அடர்த்தி × வேகத்தின் வர்க்கம் ÷ டென்சிஃபிகேஷன் ஸ்ட்ரெய்ன்). ரீட், பெங்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1997ல இதை வெச்சு விளக்கினது உலோகத்தை இல்ல, மரக்கட்டையை. மரமும் அறை அறையா இருக்குற பொருள்தானே, அப்புறம் அதே கணக்கு அலுமினிய ஃபோமுக்கும் வந்துச்சு.

நம்ம ஃபோமுக்குப் போட்டுப் பாக்கலாம், அடர்த்தி 270, டென்சிஃபிகேஷன் 0.7. விநாடிக்கு 10 மீட்டர்ல கூடுதல் வெறும் 0.04 மெகாபாஸ்கல், அளந்தாக்கூட தெரியாது. 30 மீட்டர்ல, அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர்ல, 0.35, இது பிளாட்டோவுல நாலுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மி. 100 மீட்டர்ல 3.9, பிளாட்டோவை விட ரெண்டரை மடங்கு. 200 மீட்டர்ல 15க்கு மேல, இங்க ஃபோமோட பலம்னு ஒண்ணு இருக்குறதே கணக்குல சில்லறை. கவனிச்சீங்களா, உலோகம் எங்கயும் பலமாகல. கூடுதலா வந்தது பூரா நிக்குற நிறையைத் தூக்கி ஓட வைக்குற செலவு.

கண்ணால பாத்தாலும் வித்தியாசம் தெரியும். மெதுவா நசுக்கும்போது பட்டைகள் எங்க பலவீனமோ அங்க வரும், நடுவுல, ஓரத்துல, எங்கவேணா. வேகத்துல அப்படி இல்ல, அடிபடுற முனையிலேந்து ஒரு முகப்பு கோடு போட்ட மாதிரி முன்னேறும், முகப்புக்குப் பின்னாடி முழுசா நசுங்கினது, முன்னாடி கிட்டத்தட்ட புதுசு. ஹனிகோம்பைப் பக்கவாட்டுல நசுக்கி 2003ல வெளிவந்த ஒரு கம்ப்யூட்டர் ஆய்வுல இதை மூணு வடிவமாப் பிரிச்சாங்க: மெதுவுல பட்டைகள் குறுக்கும் நெடுக்குமா பெருக்கல் குறியா வரும், நடுத்தர வேகத்துல அடிபட்ட பக்கத்துல கூம்பு மாதிரி, ரொம்ப வேகத்துல நேர்கோடு. நெஜ ஃபோம்ல டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு ஒண்ணு 2014ல செஞ்ச சோதனைகள்ல, திறந்த அறை அலுமினிய ஃபோம் விநாடிக்கு சுமார் 60 மீட்டர்லேந்து ஷாக்காவே நசுங்குச்சு, அதுக்குக் கீழ மெதுவான கதைக்குப் பக்கத்துல இருந்துச்சு.

இந்த முகப்பை ஒலி அலைன்னு நினைச்சுக்காதீங்க. ஃபோமுக்குள்ள எலாஸ்டிக் அலை விநாடிக்கு ரெண்டாயிரம் மீட்டர் கிட்ட ஓடும், அது எப்பவோ மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நசுங்கு முகப்பு ஓடுறது அடிச்ச வேகத்தை 0.7 ஆல வகுத்த அளவுக்குத்தான், 100 மீட்டர்ல அடிச்சா 143 மீட்டர்.

இப்ப இதுலயே முக்கியமான விஷயம். மேல சொன்ன 3.9 எல்லாம் அடிபடுற முனையில மட்டும். முகப்பு இன்னும் எட்டாத மறுமுனையில என்ன ஸ்ட்ரெஸ்? அதே பழைய 1.5 தான்! ஒரே ஃபோம், ஒரே நேரம், ரெண்டு முனையில ரெண்டு விசை. அடிக்குறவனுக்கு 1.5ம் 3.9ம் சேர்ந்து 5.4, பின்னாடி ஒளிஞ்சிருக்குறவனுக்கு 1.5. வெடிப்புலேந்து காப்பாத்த சுவருக்கு முன்னாடி ஃபோம் பதிக்குற யோசனையே இந்த வித்தியாசத்தை நம்பித்தான். ஆனா முகப்பு மறுமுனையைத் தொடுற வரைக்கும்தான் இந்தச் சலுகை. ஃபோம் தடிமன் பத்தாம, வேகம் தீர்றதுக்கு முன்னாடி முழுசா நசுங்கிட்டா, மிச்ச உந்தம் மொத்தமும் கெட்டிக்கட்டியா சுவர்ல போய் இடிக்கும், அப்ப ஃபோமே இல்லாததை விட மோசமாகலாம். நார்வே ஆராய்ச்சியாளர்கள் 2002ல பெண்டுலத்துல ஃபோம் பலகை மாட்டி பக்கத்துல வெடிச்சுப் பாத்தப்ப, ஃபோம் போட்டதுல பெண்டுலம் கூடுதலாத்தான் ஆடுச்சு, முன்பக்கம் குழிஞ்சு போற வடிவ மாத்தத்தோட அதைச் சேர்த்துப் பேசினாங்க. ஃபோம் ஒட்டிட்டா பாதுகாப்புன்னு கண்ணை மூடிட்டு நம்புறவங்களுக்கு இதைக் காட்டணும்.

அப்புறம் ஆய்வுக் கட்டுரைகள்ல வர்ற ஒரு வரைபடம், எனக்கு அதுல பெரிய மரியாதை கிடையாது. கிடைமட்டத்துல ஸ்ட்ரெய்ன் ரேட், செங்குத்துல பிளாட்டோ ஸ்ட்ரெஸ். 25 மில்லிமீட்டர் துண்டை விநாடிக்கு 25 மீட்டர்ல நசுக்கினா ஸ்ட்ரெய்ன் ரேட் 1000. 5 மில்லிமீட்டர் துண்டை 5 மீட்டர்ல நசுக்கினாலும் அதே 1000. ஷாக் கூடுதல் முதல்ல 0.24 மெகாபாஸ்கல், ரெண்டாவதுல 0.01, வரைபடத்துலயோ ரெண்டும் ஒரே இடத்துல நிக்கும். ஷாக்குக்கு ஸ்ட்ரெய்ன் ரேட் தெரியாது, வேகம்தான் தெரியும். அதுலயும் முகப்பா நசுங்கும்போது மொத்தத் துண்டுக்கும் ஒரு ஸ்ட்ரெய்ன் ரேட்னு சொல்றதுக்கே அர்த்தம் இல்ல, முகப்புல எக்கச்சக்கம், மத்த இடத்துல பூஜ்யம்.

சோதனைக் கருவியும் இங்க தகராறு. இந்த வேகங்களுக்கு வழக்கமான கருவி ஹாப்கின்சன் பார், 1914ல ஹாப்கின்சன் ஆரம்பிச்சு 1949ல கோல்ஸ்கி ரெண்டு பார் வெச்சு முழுசாக்கினது. நடுவுல சாம்பிள், ரெண்டு பக்கமும் நீள உலோகக் கம்பி. ரெண்டு முனையிலயும் விசை சமம்ங்கறது அந்தக் கருவியோட அடிப்படை அனுமானம், நாம இப்பத்தான் ரெண்டும் சமமில்லன்னு பாத்தோம். அப்புறம் ஃபோம் ரொம்ப மென்மை, ஸ்டீல் பார்ல வந்து சேர்ற சிக்னல் இம்மியளவு, அதனால நைலான் மாதிரி பாலிமர் பார்களுக்கு மாறினவங்க உண்டு. சாம்பிள்ல குறுக்கே ஆறேழு அறையாவது இருந்தாத்தான் கிடைக்குற பலம் அந்த ஃபோமோட பலம், இல்லாட்டி ஓரத்து அறைகளோட பலவீனம்தான். 2000ல ஒரே வருஷத்துல ஒரு குழு விநாடிக்கு 5000 ஸ்ட்ரெய்ன் ரேட் வரைக்கும் போயும் வேகத்தால மாற்றமே இல்லன்னும், இன்னொரு குழு மூடின அறை ஃபோம்ல பலம் ஏறுதுன்னும் எழுதினாங்க. சோதிச்ச ஃபோம் வேற, முறை வேற, அதனால யார் பொய்னு தேட வேண்டியதில்ல. நம்பகமா ஷாக்கைப் பாக்கணும்னா ரெண்டு விதமா அடிக்கணும், ஃபோமைத் தூக்கி பார் மேல எறிஞ்சு ஒரு தடவை, பார் முனையில ஃபோமை வெச்சு அடிச்சு ஒரு தடவை. முதல்ல அடிபடுற முனை விசை கிடைக்கும், ரெண்டாவதுல மறுமுனை விசை. ரெண்டும் வேற வேறயா வந்தா ஷாக் இருக்கு.

கார் சோதனைக்கு இதெல்லாம் தேவையான்னா, பெரும்பாலும் இல்ல. கார்களோட பாதுகாப்பைச் சோதிக்குற ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் பல வருஷம் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர்ல இடிக்க விட்ட தடுப்பு அலுமினிய ஹனிகோம்ப்தான், முக்கியக் கட்டியோட நசுங்கு பலம் 0.34 மெகாபாஸ்கல், அடர்த்தி கன மீட்டருக்கு 30 கிலோவை ஒட்டி. விநாடிக்கு 17.8 மீட்டர் போட்டா ஷாக் கூடுதல் 0.01 சொச்சம், 4 சதவீதத்தைத் தாண்டாது. அங்க கவனிக்க வேண்டியது மைக்ரோ இனர்ஷியாவும் ஸ்டீல் பாகங்களோட வேக விறைப்பும்தான். ஷாக் கணக்கு வேண்டியது வெடிப்பு, பறந்து வர்ற துண்டு, வேகமான எறிபொருள் இதுக்கெல்லாம்.

இப்ப 3டி பிரிண்டிங் வந்ததுலேந்து எல்லா இடத்துலயும் ஒரே அடர்த்தி எதுக்குன்னு அடுக்கடுக்கா மாத்திப் பாக்குறாங்க. கனமான அடுக்கை அடிபடுற பக்கம் வெச்சு லேசானதைப் பின்னாடி வெச்சா, முன்னாடி இனர்ஷியாவால ஒரு முகப்பு கிளம்பும், அதே நேரம் பின்னாடி பலவீனமா இருக்குறதால இன்னொரு நசுங்கலும் ஆரம்பிக்கும், பின்னாடி போற விசை அந்த லேசான அடுக்கோட பிளாட்டோவைத் தாண்டாது, அது தீர்ற வரைக்கும். திருப்பி வெச்சா அடிபடுற பக்கம் விசை குறையும், ஏன்னா அங்க அடர்த்தியும் குறைவு பிளாட்டோவும் குறைவு, ஆனா முகப்பு உள்ள போகப் போக பின்னாடி விசை படிப்படியா ஏறும். காப்பாத்த வேண்டியது பின்னாடி இருக்கா, இல்ல மோதுற பொருளுக்குள்ளயே இருக்கான்னு முதல்ல கேட்டுட்டுத்தான் எந்தப் பக்கம் கனம்னு முடிவு பண்ணணும்.